துமாவின் நெஞ்சில் ஒரு வெள்ளைப் பொட்டு

கெடே
12 மார்ச் 1996

தோயா,

'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கியிருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்றுக் காலை வந்து சேர்ந்தேன். மொம்பாசா வரைக்கும் பூனைக் கூடை மடியிலேயே இருந்தது. துமா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? பேருந்து முழுக்க அழுதுகொண்டு வந்தது நான்தான்.

உன் பூனைக் கண்காட்சியைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் நைரோபிக்கு வந்தேன். "என் தம்பிதான் நடுவர். துமாவைப் பார்த்த உடனே ஜாதிப் பூனைன்னு பேப்பர் எழுதிக் குடுத்துடுவான்" என்று பேருந்து நிறுத்தத்தில் என் கடைக்கு மஹம்ரிப் பணியாரம் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். வாய் அடங்காதவள் நான். அது உனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாக் கூண்டுக்கும் ஒரே வெள்ளைத் துணி. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, எண் மட்டும். என்னுடையது முப்பத்தொன்று. பூனை யாருடையது என்று நடுவருக்குத் தெரியக் கூடாதாம். நல்ல விதிதான். ஆனால் உன் உதவியாளன் துமாவைத் தூக்கிக்கொண்டு வந்து உன் மேசையில் விட்டபோது, நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் மருந்துத் தண்ணீர் தடவிக்கொண்டு நின்றாய். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"டேய் தோயா! நம்ம துமாடா! லீவுக்கு வந்தப்ப விரல்ல பால் தொட்டு ஊட்டினியே, மறந்துட்டியா?"

மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாய். என்னை நேராகப் பார்த்தாய்.

"மேடம், கயித்துக்குப் பின்னாடி நில்லுங்க. நடுவர்கிட்ட பேசக் கூடாது."

மேடம்! தோயா, பசியில் நீ கத்தினபோது என் வாயில் இருந்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து உன் வாயில் வைத்தவள் நான். நான் உனக்கு மேடமா?

பிறகு அவளைத் தூக்கிப் பார்த்தாய். வாலை நீவினாய். மேசையில் நடக்க விட்டாய். நம் காட்டுப் பூனைகள் எப்படி நடக்குமோ அப்படியே, பின்னங்கால் உயர்ந்து, விரல் நுனியில் நடந்தாள். உடம்பில் ஓடும் கோடெல்லாம் மரப்பட்டையைப் பார்த்து வரைந்த மாதிரி. அதற்குத்தானே நம் ஆட்கள் கட்சோன்சோ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அவள் நெஞ்சில் இருக்கிற வெள்ளைப் பொட்டைப் பார்த்தாய். அதன் மேல் உன் கட்டைவிரலை வைத்தாய். நகம் அந்தப் பொட்டை மூடிவிட்டது. நான் கயிற்றுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பார்த்துவிட்டு உதவியாளனிடம் சொன்னாய்: "சாதாரண வீட்டுப் பூனை. இனம் இல்லை. எழுதிக்கோ."

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரி, "பாவம், எவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்திருக்கா" என்றாள். அவளுக்கு இருந்த இரக்கம்கூட உனக்கு இல்லை.

நம் வளவு முந்திரி மரத்துப் பொந்திலிருந்துதான் நீ வேலை பார்க்கிற வீட்டு மிசஸ் பெண்டன் இரண்டு குட்டிகளை எடுத்துப் போனாள். அவற்றைப் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக நீ போனாய். அந்த இரண்டு குட்டிகளின் பேரப்பிள்ளைகள் ஜாதிப் பூனை. அதே பொந்தில் பிறந்த துமா தெருப் பூனை. இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?

ஜும்வா

*

நைரோபி
20 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. நடந்ததை நான் இருக்கிறபடி சொல்கிறேன். ஆத்திரப்படாமல் படி.

அன்று எனக்கு நடுவர் உரிமத்துக்கான கடைசித் தேர்வு. என் பின்னால் நாற்காலி போட்டு மூன்று மூத்த நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய். நீ கத்தினதும் மண்டபம் சிரித்தது. அவர்கள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள். இந்தச் சங்கத்தில் நடுவராக நிற்கும் முதல் கிரியாமா ஆள் நான். அன்று உன் பூனைக்கு நான் பேப்பர் கொடுத்திருந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்? "அக்கா பூனைக்குத் தம்பி பாஸ் போட்டுட்டான்" என்பார்கள். எனக்குப் பிறகு நம் ஆட்களில் ஒருத்தனையும் அந்த மேசைக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள்.

விலகிக்கொண்டு வேறு நடுவரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். விலகினால் தேர்வு செல்லாது. அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளைப் பொட்டு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கினால் மன்னிக்கலாம். அதற்கு மேல் போனால் நீக்கிவிட வேண்டும். விதி அது. எனக்கு அது மேலே போனதாகப் பட்டது. தூரத்திலிருந்து பார்த்த உனக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கலாம்.

நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். நமக்குள் இருக்கட்டும். மிசஸ் பெண்டனிடம் பிறக்கிற குட்டிகள் நிற்பதில்லை. கண் திறக்கும் முன்னே துவண்டுவிடுகின்றன. அந்த இரண்டு குட்டிகளிலிருந்தே எல்லாம் வந்ததால் அண்ணனும் தங்கையுமாகவே சேர்ந்துகொண்டிருக்கின்றன. புது ரத்தம் இல்லாவிட்டால் இனமே ஐந்தாறு வருஷத்தில் முடிந்துவிடும் என்கிறாள். துமா குட்டி போட்டால் பெட்டைக் குட்டி ஒன்று அனுப்பு. பேப்பரைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழை தொடங்கிவிட்டதா?

தோயா

*

கெடே
26 ஏப்ரல் 1996

தம்பி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இனமே இல்லாத பூனையின் குட்டி ஜாதிப் பூனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமாம்! அதைக் கச்சேயிடம் படித்துக் காட்டினேன். அவளைத் தெரியுமல்லவா, பக்கத்து வளவுக்காரி. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். "உன் தம்பி பூனைக்கு மட்டும்தான் நடுவரா, கல்யாணத்துக்கும் பார்ப்பானா?" என்றாள்.

இப்போது சிரிப்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் சீஃப் கூட்டம் போட்டார். வட்டாமு கடற்கரை ஓட்டல்காரர்கள் தெருப் பூனைகளை ஒழிக்கப் போகிறார்களாம். சாப்பிடுகிற வெள்ளைக்காரர்கள் மேசையில் பூனை ஏறுகிறதாம். வேன் வரும். கூண்டில் மீன் வைத்துப் பிடிப்பார்கள். கருத்தடை ஆபரேஷன் செய்து, செய்தது தெரிய இடது காது நுனியை வெட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். கொல்ல மாட்டார்கள், அந்த மட்டுக்கும் நல்லது. கடற்கரைப் பக்கம் முடித்துவிட்டார்கள். அங்கே இப்போது முழுக்காதுப் பூனை ஒன்றுகூட இல்லை. அடுத்தது கெடே.

உங்கள் சங்கத்தின் பேப்பர் இருக்கிற பூனையைத் தொட மாட்டார்களாம். மலிந்தியில் இருக்கிற உங்கள் சங்கத்து ஆளிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதன். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தான்.

"நடுவர் எழுதினதை நடுவர்தாம்மா மாத்த முடியும். மறுபடி யோசிச்சேன், தப்பாப் பார்த்துட்டேன்னு அவரு கைப்பட ஒரு வரி எழுதினாப் போதும். தலைவர்கூட மாத்த முடியாது."

ஒரு வரி, தோயா.

நம் வளவில் முன்பு ஏழெட்டுக் கட்சோன்சோ திரியும். இப்போது பட்டைக்கோடு உள்ளது துமா ஒருத்திதான். ஊரில் மற்றதெல்லாம் ஓட்டல் பூனையோடு கலந்து கறுப்பும் வெள்ளையுமாக ஆகிவிட்டது. காட்டோரத்து ஆண் பூனை ஒன்று, முகம் முழுக்கத் தழும்பு, அதற்கும் பட்டைக்கோடு உண்டு. ஒரு வாரம் கூரையில் கத்திக்கொண்டு கிடந்தது. அதன் பலன், துமாவின் காம்பு இப்போது சிவந்திருக்கிறது. உனக்குத் தெரியுமே, அதற்கு என்ன அர்த்தம் என்று. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

விடியற்காலையில் நான் கடைக்குப் போகும்போது அவள் கூடவே வருகிறாள். மஹம்ரி பொரித்து முடியும் வரை மேசைக்கு அடியில் இருப்பாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். இதற்கு மேல் காரணம் எழுதத் தெரியவில்லை.

மண்டபத்தில் கத்தியது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். உன் விரல் அந்தப் பொட்டை மூடியதைப் பற்றி இனி யாரிடமும் பேச மாட்டேன். எழுதிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா
ஜும்வா

*

நைரோபி
3 மே 1996

அன்புள்ள அக்கா,

துமா சினையாக இருக்கிறாள் என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதுவும் பட்டைக்கோடு உள்ள ஆணோடு! மிசஸ் பெண்டனிடம் சொன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "தோயா, இது நம்ம இனத்தோட உயிர்" என்றாள். நான் இங்கே வந்து பதினோரு வருஷத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் குட்டிகளுக்குப் பேப்பர் வேண்டுமென்றால் தாய்க்குப் பேப்பர் வேண்டும். தாய்க்கு வேண்டுமென்றால் நான் அந்த ஒரு வரியை எழுத வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை.

எழுதுகிறேன், அக்கா. இப்போது இல்லை. என் உரிமம் இந்த மாதக் கடைசிக்குள் கைக்கு வரும் என்கிறார்கள். அது வரும் முன்பே 'கடைசித் தேர்வில் தப்பாகப் பார்த்துவிட்டேன்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஒரு பொட்டின் அளவு தெரியாதவனுக்கு யார் உரிமம் கொடுப்பார்கள்? அதுவும் அக்கா பூனை. மூன்று பேரும் அன்றைக்கே அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். உரிமம் வந்த மறு நாளே எழுதிவிடுகிறேன். அப்புறம் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அதுவரை துமாவை வெளியே விடாதே. நம் பழைய சாமான் அறையில் வைத்துப் பூட்டு. மணல் ஒரு தட்டில் வை. தினம் மீன் கொடு. ஒரு மாதம்தான்.

கோபப்படாதே. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று நினைத்துப் பார்.

உன் தம்பி
தோயா

*

கெடே
9 மே 1996

தோயா,

நான் உன் இடத்தில் இருந்தால் எழுதியிருப்பேன். யோசித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

துமாவைப் பூட்ட மாட்டேன். அவள் என்ன குற்றம் செய்தாள்? உன் உரிமம் வரும் வரைக்கும் ஒரு பூனை ஜெயிலில் கிடக்க வேண்டுமா? அவள் எப்போதும் போல் காட்டுக்குப் போவாள், வருவாள். வேனைப் பார்த்தால் ஓடத் தெரிந்தவள்தான்.

மிசஸ் பெண்டனுக்கு என் சலாம் சொல். உன் கையைப் பதினோரு வருஷம் கழித்துத் தொட்டாளாமே! இன்னொரு பதினோரு வருஷம் கழித்து உன்னை உட்காரச் சொல்வாள்.

ஜும்வா

*

நைரோபி
30 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு, ஆயிரம் முத்தங்களோடு,

வந்துவிட்டது! உரிமம் வந்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டும்படி கனமான தாளில், என் பெயரை முழுசாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலையிலேயே, சொன்னபடி, அந்த வரியை எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தேன். 'பொட்டு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்குகிறது. மறு பரிசீலனையில் இனத்தைச் சேர்ந்ததாக ஏற்கிறேன்.' ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு பயந்தேன், அக்கா. ஒன்றுமே ஆகவில்லை.

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. பத்திரமாக வை. வேன்காரன் வந்தால் முகத்துக்கு நேரே காட்டு.

இதைக் கேள். கண்காட்சியில் எடுத்த போட்டோக்களைத் தலைவர் பார்த்திருக்கிறார். துமா என் மேசையில் விரல் நுனியில் நிற்கிற போட்டோவைக் கையில் எடுத்து, "இனம்னா இதுதான். இத்தனை நாளா நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் இதோட நிழல்" என்றாராம். இனத்தின் இலக்கணப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறார்கள். முதல் பக்கத்தில் துமாவின் படம்! இனிமேல் உலகத்தில் எந்த நடுவரும் அவளைப் பார்த்துத்தான் மற்றப் பூனையை அளப்பான்.

ஒரே ஒரு சிக்கல். நடுவரின் சொந்தக்காரர் பூனை என்று படத்துக்குக் கீழே போட முடியாது. அதனால் 'உரிமையாளர் பெயர் தெரியவில்லை' என்று போடலாமா என்று கேட்கிறார்கள். உனக்கு ஆட்சேபணை இல்லையே?

அடுத்த வாரம் மலிந்தி ஆள் வந்து துமாவின் இடது காதுக்குள் பதிவு எண்ணைப் பச்சை குத்துவான். வலிக்காது. என் கணக்குப்படி குட்டிகள் இன்னும் சில நாளில் வந்துவிடும். இரண்டு பெட்டைக் குட்டிகளாவது மிசஸ் பெண்டனுக்கு வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன். ஆட்டுக்கறி நான் வாங்கி வருகிறேன். கச்சேயையும் கூப்பிடு. பழசையெல்லாம் மறந்துவிடுவோம்.

உன் தம்பி
தோயா

*

கெடே
11 ஜூன் 1996

தோயா,

சான்றிதழ் வந்து சேர்ந்தது. நல்ல தாள். தங்க நிறத்தில் முத்திரை.

உன் முந்தின கடிதத்துக்கும் இதற்கும் நடுவில் நீ எழுதாமல் இருந்தாய், நானும் எழுதவில்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

நான் உனக்கு வீறாப்பாகக் கடிதம் எழுதிப் போட்டேனே, அதற்கு அடுத்த வாரம் வேன் வந்தது. காலையில் அவள் என் கூடக் கடைக்கு வரவில்லை. குட்டி கனத்திருந்தது, படுத்துக் கிடக்கிறாள் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது கச்சே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஜும்வா, மீன் வாசனைக்குப் போயிட்டா. நான் கத்தினேன், கேட்கல" என்றாள்.

ஓடினேன். தபால் ஆபீசுக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், நம் பக்கத்துப் பெண்தான். அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன். என் தம்பி நடுவர் என்று சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"பேப்பர் இருக்காம்மா?"

நீ கண்காட்சியில் கொடுத்த தாளைத்தான் கொண்டுபோயிருந்தேன். சங்கத்து முத்திரை இருக்கிறதே, ஏதாவது உதவும் என்று நினைத்தேன். அவள் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அம்மா, இதுலயே 'இனம் இல்லை'ன்னு எழுதியிருக்கே. கையெழுத்தும் இருக்கு" என்றாள். உன் கையெழுத்து, தோயா. அழகாக வளைத்துப் போட்டிருந்தாய்.

"சினையா இருக்கும்மா அவ. குட்டி வரட்டும், அப்புறம் பண்ணுங்க" என்றேன்.

"வேலை ஆயிடுச்சும்மா" என்றாள். எத்தனை குட்டி என்று நான் கேட்டதற்காகத்தான் சொன்னாள். "நாலு. ரோமம் வரல இன்னும்."

சாயங்காலம் கூடையில் கொண்டுவந்தேன். மயக்கம் தெளிந்ததும் வயிற்றை நக்கினாள். தையலை நக்க விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தடுத்தேன், என்னைக் கடித்துவிட்டாள். கடிக்கட்டும் என்று கையைக் கொடுத்தேன். அதற்கு அடுத்த இரண்டு நாள் முந்திரி மரத்துப் பொந்துக்குப் போய் உள்ளே சருகைக் கால்களால் ஒதுக்கிவிட்டு வந்தாள். படுக்க இடம் பார்க்கிறாள் என்று கச்சே சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். இப்போது போவதில்லை.

இடது காது நுனி போய்விட்டது. வெட்டியது எவ்வளவு தெரியுமா? உன் கட்டைவிரல் நகம் அளவு. உங்கள் மலிந்தி ஆள் பச்சை குத்த வந்தான். காதைப் பார்த்தான், எண் போட இடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனான். எங்களிடம் மன்னிப்புக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

பூட்டி வைக்கச் சொன்னாய். நான் பூட்டவில்லை. உன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு கதவைச் சாத்தவில்லை. அதைத் தினமும் நினைக்கிறேன். நீ அதை எனக்கு எழுதிக் காட்ட வேண்டாம். உனக்கு அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டேன். ஆனால் நீ ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கதவே தேவைப்பட்டிருக்காது.

ஒன்றுமே ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தழும்பு முகத்து ஆண் பூனையையும் பிடித்துவிட்டார்கள். அதன் காதும் நறுக்கியிருக்கிறது. இப்போது இரண்டும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடக்கின்றன, சண்டையும் இல்லை, கத்தலும் இல்லை. மிசஸ் பெண்டனிடம் சொல். அவள் இனத்தின் உயிர் இங்கே நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருக்கிறது.

படத்தைப் போட்டுக்கொள். முழுக்காதோடு இருக்கிற படம்தானே. உலகத்து நடுவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து அளக்கட்டும். அளக்க எந்தப் பூனை மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. 'உரிமையாளர் பெயர் தெரியவில்லை' என்றே போடு. எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்று மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு நீ சொன்னதும் அதுதானே.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வீடு உன்னுடையதும்தான், வராதே என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆட்டுக்கறி வாங்க வேண்டாம். வாசலுக்கு வந்ததும் நின்று, 'மேடம்' என்று கூப்பிடு. கதவைத் திறக்கிறேன். 'அக்கா' என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உள்ளேயே இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
முப்பத்தொன்றாம் கூண்டுக்காரி